சபைத் தேர்தலில் நிற்போருக்கும் அவர்களை நிறுத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

கிறிஸ்து இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் எனக் கொங்கு நாடெங்கும் உள்ள, தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த நம் சபைகளில் சேகரக் குழுவுக்கு, அதாவது நாம் வழக்கமாகச் சொல்லும் பாஸ்டரேட் கமிட்டிக்கு, நிற்கப் பெயர் கொடுத்திருப்பவர்களுக்கும், பெயர் கொடுக்காமலே பின்னால் இருந்து அணி கட்டுபவர்களுக்கும் இம்மடலை எழுதுகிறேன். இரண்டாம் வகையினரிடம் சொல்ல வேண்டியதே அதிகம் என்பதால், 'நான்தான் நிற்கவில்லையே' என்று அவர்கள் இதை மடித்து வைத்துவிட வேண்டாம். எந்த அணியிலும் இல்லாத, ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வந்து போகும் ஒரு சாதாரண உறுப்பினன் நான். குறிப்பிட்ட ஒரு சபையை மனத்தில் வைத்து இதை எழுதவில்லை; வாசிக்கும் ஒவ்வொருவரும் இது தம் சபையைப் பற்றியதுதான் என்று நினைத்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

தேர்தல் அறிவிப்பு ஆலயத்தில் வாசிக்கப்பட்ட நாளிலிருந்து என்னென்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆண்டுக்கணக்கில் ஆலயப் பக்கம் வராதவர்களின் சந்தா பாக்கியை யாரோ ஒருவர் மொத்தமாகக் கட்ட, அவர்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுகிறது. அதுவரை பிறந்தநாள் வாழ்த்தும் ஜெபக் குறிப்பும் மட்டுமே வந்துகொண்டிருந்த வாட்ஸ்அப் குழுக்கள் இரண்டாக உடைகின்றன. ஆராதனை முடிந்ததும் ஒரு அணி வேப்பமரத்தடியிலும் மற்றொரு அணி சைக்கிள் ஸ்டாண்டுக்கு அருகிலும் கூடுகிறது. இரண்டுக்கும் நடுவில் நடந்து போகிற ஆயரைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். 'ஏனுங்க, நம்ம ஆளுங்களுக்குத்தானுங்க போடோணும்' என்று கேட்பவர், அந்த 'நம்ம ஆளுங்க' யார் என்பதை விளக்குவதே இல்லை. விளக்கத் தேவையும் இல்லை. கேட்பவர் எந்தச் சாதியில் பிறந்தவரோ, அதிலேயே அதற்கு விடை இருக்கிறது. ஒரே அப்பத்தைப் பிட்டு ஒரே பாத்திரத்திலிருந்து பங்கு பெற்ற கூட்டம், ஆலயத்தின் வாசற்படியைத் தாண்டுவதற்குள் சாதிவாரியாக எண்ணப்பட்டுவிடுகிறது. இதைப் பற்றி ஒரு தனி மடலே எழுத வேண்டும்; இப்போதைக்கு இவ்வளவு போதும்.

நான் உங்கள் முன் வைக்க விரும்புவது புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதின நிருபத்தின், அதாவது கடிதத்தின், நான்காம் அதிகாரம். ஐந்தே அதிகாரங்களும் 108 வசனங்களும் கொண்ட இந்தச் சிறு நிருபத்தை மார்ட்டின் லூத்தர் 1522இல் வெளியிட்ட தம் புதிய ஏற்பாட்டு முன்னுரையில் 'வைக்கோல் நிருபம்' என்று சொன்னார். விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக்கப்படுகிறோம் என்று போராடிக்கொண்டிருந்தவருக்கு, கிரியைகளை வற்புறுத்தும் நிருபம் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை. ஆனால் கமிட்டி உறுப்பினர்களாகப் போகிற உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான நிருபம் வேறு இல்லை என்பேன். மரபின்படி இதை எழுதியவர் ஆண்டவருடைய சகோதரராகிய யாக்கோபு. எருசலேம் சபையின் தலைவர் அவர். புறஜாதியாரிலிருந்து வந்த விசுவாசிகள் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்ற பெரும் தர்க்கம் எழுந்தபோது கூடிய கூட்டத்தில், பேதுருவும் பவுலும் பர்னபாவும் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, கடைசியில் எழுந்து முடிவைச் சொன்னவர் இவர்தான் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் பதினைந்தாம் அதிகாரம் கூறுகிறது. ஆகவே சண்டையைப் பற்றி எழுதியவர், சண்டையே தெரியாத ஒரு குகைவாசி அல்லர். கூட்டம் நடத்திப் பார்த்த மனிதர்.

அவர் கேட்கிற கேள்வி இது: 'உங்களுக்குள்ளே யுத்தங்களும் சண்டைகளும் எதினாலே வருகிறது, உங்கள் அவயவங்களில் போர்செய்கிற இச்சைகளினாலல்லவா?'

நம்மிடம் இதே கேள்வியைக் கேட்டால் என்ன பதில் சொல்வோம்? எதிரணியின் ஊழல், ஆயரின் பாரபட்சம், முந்தைய கமிட்டி கல்லறைத் தோட்டச் சுவருக்குப் போட்ட பில், திருமண்டலத்தின், அதாவது பேராயர் நிர்வாகத்தின், தலையீடு என்று வரிசையாகச் சொல்வோம். அவை எல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் யாக்கோபு அந்தப் பட்டியலைக் கையில் வாங்கிக்கொள்ளாமல், கேட்கிறவனுடைய நெஞ்சுக்குள் கையை விடுகிறார். நீ எதை விரும்புகிறாய் என்கிறார்.

நாம் எதை விரும்புகிறோம் என்பதைக் கூச்சமின்றிப் பேசிவிடலாம். சபைக்குச் சொந்தமான பள்ளியில் தாளாளர் பதவி, அதன் வழியாக வரும் ஆசிரியர் நியமனங்கள், மெயின் ரோட்டை ஒட்டிய கடைகளின் வாடகை, அந்தக் கடைகளை யாருக்கு விடுவது என்ற தீர்மானம், கட்டட வேலையின் கான்ட்ராக்ட், இவை ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தில் பணமே இல்லாத ஆசைகள். சபையார் கூடி உண்ணும் அசன விருந்தில் மேடைக்கு அருகில் நாற்காலி, பேராயர் வரும்போது மாலை போடும் உரிமை, 'செயலாளர்' என்று கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் அச்சிடும் ஒரு சொல். என் அனுபவத்தில் பணத்துக்காக நடக்கும் சண்டை ஏதோ ஓர் இடத்தில் ஓய்ந்துவிடும். பங்கு பிரித்தால் தீர்ந்தது. நாற்காலிக்காக நடக்கும் சண்டை தலைமுறை தாண்டியும் ஓய்வதில்லை. மாமன் தோற்றதற்காக மருமகன் பழி வாங்குவதை நாம் பார்த்திருக்கிறோம்.

விருப்பம் என்பதே பாவம் என்று கிறிஸ்தவம் சொல்லவில்லை. தன் மகள் பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாளே, அவளுக்கு ஒரு வேலை கிடைக்காதா என்று ஏங்கும் தகப்பனை ஆண்டவர் கடிந்துகொள்வார் என்று நான் நம்பவில்லை. கீழ்பவானி ஆயக்கட்டில், அதாவது அந்த வாய்க்கால் பாயும் நிலப்பகுதியில், வாழ்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஏறத்தாழ 2,07,000 ஏக்கரை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு போகத்துக்கு ஒரு பாதியும் மறு போகத்துக்கு மறு பாதியுமாகத் தண்ணீர் விடுகிற ஏற்பாடு அது. தண்ணீருக்கு ஆசைப்படுவதில் எந்த விவசாயியும் தவறு செய்யவில்லை. பயிர் காய்கிறபோது ஆசைப்படாமல் இருக்கவும் முடியாது. தலைமடையில் இருப்பவர் தம் முறை முடிந்த பின்னும் இரவோடு இரவாக மடையைத் திறக்கும்போதுதான் கடைமடையில் மண்வெட்டி உயர்கிறது. யாக்கோபு இச்சை என்று கண்டிப்பது இந்த முறை மீறிய ஆசையை. எனக்குக் கிடைக்க வேண்டும் என்பது, எனக்குத்தான் கிடைக்க வேண்டும் என்று மாறி, கடைசியில் அவனுக்குக் கிடைக்கக் கூடாது என்று முடிகிற இடத்தில் சண்டை பிறக்கிறது. 'வைராக்கியமும் விரோதமும் எங்கே உண்டோ, அங்கே கலகமும் சகல துர்ச்செய்கைகளுமுண்டு' என்று அதற்கு முந்தைய அதிகாரத்திலேயே அவர் எச்சரித்துவிட்டார்.

இது நம் மண்ணுக்குப் புதிய செய்தியும் அன்று. வள்ளுவர் அழுக்காறாமை, வெஃகாமை, புறங்கூறாமை என்ற மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். பொறாமை, பிறர் பொருளுக்கு ஆசை, பின்னால் பேசுதல் ஆகிய இம்மூன்றையும் யாக்கோபு தம் நான்காம் அதிகாரத்துக்குள் அடக்கிவிடுகிறார். கோவை, ஈரோடு வட்டாரத்தில் லண்டன் மிஷன் ஊழியராகப் பணியாற்றிய எச்.ஏ. பாப்லி, குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1931இல் வெளியிட்டார். நமக்கு நற்செய்தி சொல்ல வந்தவரே நம்மிடமிருந்து கற்றுக்கொள்ளவும் உட்கார்ந்தார் என்பதை நம் கமிட்டி அறைகளில் யாராவது நினைவுகூர்கிறோமா என்று சில வேளை நான் யோசிப்பதுண்டு.

இவ்விடத்தில் உங்களில் சிலர் எழுப்பும் நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. 'ஐயா, கணக்குக் கேட்டால் சண்டைக்காரன் என்கிறீர்கள். கேள்வி கேட்டால் தாழ்மை இல்லாதவன் என்கிறீர்கள். அப்படியானால் திருடுகிறவன் திருடட்டும் என்று விட்டுவிடுவதா?' என்று கேட்பீர்கள். கூடாது. தாழ்மையைப் பற்றிய பிரசங்கம், கணக்குக் கேட்பவரின் வாயை அடைக்கும் துணியாக நம் சபைகளில் பல முறை பயன்பட்டிருக்கிறது. நிர்வாகத்தில் இருப்பவர்கள் அதை வசதியாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். வரவு செலவு அறிக்கையைக் கேட்ட விதவைத் தாயிடம், 'தேவனுடைய ஊழியத்தில் குற்றம் பார்க்காதீங்கம்மா' என்று சொன்னவரை எனக்குத் தெரியும். யாக்கோபு அப்படிச் சொல்பவர் அல்லர். வயலை அறுத்த வேலைக்காரரின் கூலியைப் பிடித்துக்கொண்டவர்களைப் பார்த்து, அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது என்று அடுத்த அதிகாரத்தில் முழங்குகிறவர் அவர். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும், கந்தை கட்டியவனுக்குக் காலடியும் காட்டுகிற சபையை இரண்டாம் அதிகாரத்தில் நேரடியாகவே சாடுகிறார்.

அப்படியானால் நீதிக்கான போராட்டத்தையும் இச்சையின் சண்டையையும் எப்படிப் பிரித்து அறிவது? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே குரலில்தான் பேசும். எனக்குத் தெரிந்த சோதனை ஒன்று இருக்கிறது. அதை நீங்களே, தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு செய்து பார்க்க வேண்டும். நீங்கள் கேட்கிற சீர்திருத்தம் அனைத்தையும் எதிரணியே முன்வந்து செய்துவிடுகிறது என்று வையுங்கள். கணக்கு நேர்மையாகிவிட்டது, நியமனங்கள் தகுதி அடிப்படையில் நடக்கின்றன, கடை வாடகை முறையாக வசூலாகிறது, ஆனால் அதற்கான பெயரும் பாராட்டும் அவர்களுக்குப் போகின்றன, உங்களுக்கு எந்தப் பதவியும் இல்லை. இதைக் கற்பனை செய்யும்போது உங்கள் மனத்தில் முதலில் வருவது நிம்மதியா, ஏமாற்றமா? நிம்மதி என்றால் தாராளமாக நில்லுங்கள். என் ஓட்டு உங்களுக்கு. ஏமாற்றம் என்றால், நீங்கள் நீதி என்று அழைத்துவந்தது வேறொன்று.

தாழ்மையைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் இதோடு சேர்ந்ததுதான். இந்தத் தேர்தலில் கைக்கு வந்த நோட்டீஸ் ஒன்றில், வேட்பாளரின் படம் பாதிப் பக்கத்தை அடைத்திருக்க, அதன் கீழே 'உங்கள் எளிய ஊழியன்' என்று அச்சாகியிருந்தது. செபெதேயுவின் குமாரரான யாக்கோபும் (நிருபம் எழுதிய யாக்கோபு வேறு) யோவானும் அதைவிட நேர்மையானவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மகிமையில் உமது வலது பாரிசத்தில் ஒருவனும் இடது பாரிசத்தில் ஒருவனும் உட்கார வேண்டும் என்று அவர்கள் இயேசுவிடம் வெளிப்படையாகவே கேட்டுவிட்டார்கள். அதைக் கேட்டு எரிச்சலடைந்த மற்றப் பத்துப்பேரும் ஏன் எரிச்சலடைந்தார்கள் என்று சுவிசேஷம் சொல்லவில்லை. கமிட்டிகளைப் பார்த்திருக்கிற நமக்குச் சொல்லத் தேவையில்லை. இயேசு அவர்களைத் துரத்திவிடவில்லை. 'உங்களில் எவனாகிலும் பெரியவனாயிருக்க விரும்பினால், அவன் உங்களுக்குப் பணிவிடைக்காரனாயிருக்கக்கடவன்' என்று, பெரியவனாகும் ஆசையின் பாதையையே திருப்பிவிடுகிறார்.

'பெருமையுள்ளவர்களுக்குத் தேவன் எதிர்த்து நிற்கிறார், தாழ்மையுள்ளவர்களுக்கோ கிருபை அளிக்கிறார்' என்ற வசனத்தை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அதன் முதல் பாதியைக் கொஞ்சம் நின்று வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எதிரணியில் யார் யார் நிற்கிறார்கள், அவர்களுக்கு எந்தத் தெருவில் எத்தனை ஓட்டு என்று எண்ணிப் பார்க்கிற நாம், நமக்கு எதிராகத் தேவனே நிற்கக்கூடும் என்பதை எந்தக் கணக்கில் சேர்த்தோம்?

இனி ஜெபத்துக்கு வருகிறேன். இம்மடலை எழுதத் தூண்டியதே அதுதான்.

தேர்தல் காலத்தில் நம் சபைகளில் ஜெபம் குறைவதில்லை, கூடுகிறது. அணிக் கூட்டங்கள் ஜெபத்தோடுதான் தொடங்குகின்றன. வாக்குச் சேகரிக்க வீட்டுக்கு வருகிறவர்கள் காபி குடித்து முடித்ததும், 'ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுப் போறமுங்க' என்று எழுந்து நிற்கிறார்கள். வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? அந்த ஜெபத்தில் வீட்டிலுள்ள நோயாளிக்கு ஒரு வரி, படிக்கிற பிள்ளைக்கு ஒரு வரி, பிறகு 'நீர் தெரிந்துகொண்ட பாத்திரங்களை இந்தச் சபையில் எழுப்பும்' என்று ஒரு வரி. பாத்திரம் எதிரே கைகட்டி நிற்கிறது. இன்னும் மோசமானது, முழுச் சபையும் கூடியிருக்கும் ஜெபக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் ஒருவரை அடிக்கும் ஜெபம். 'ஆண்டவரே, உம்முடைய ஆலயத்தைக் கள்ளர் குகையாக்குகிற சிலருடைய இருதயத்தை உடையும்' என்று ஒருவர் கண்களை மூடிக்கொண்டு கேட்கும்போது, கண்களைத் திறந்துகொண்டு எல்லாரும் ஒரே திசையில் பார்ப்பார்கள். மேடையில் நின்று சொன்னால் அவதூறு வழக்கு வரும். முழங்காலில் நின்று சொன்னால் ஆமென் வருகிறது. 'சகோதரரே, ஒருவருக்கொருவர் விரோதமாய்ப் பேசாதிருங்கள்' என்ற கட்டளை ஜெபத்தில் பேசுகிறதற்கும் பொருந்தும் என்பதை நம் ஆயர்கள் ஒரு முறையாவது பிரசங்கத்தில் சொல்ல வேண்டும்.

யாக்கோபு ஜெபத்தைப் பற்றி இரண்டு குறைகளைச் சொல்கிறார். கேட்காமல் இருக்கிறீர்கள் என்பது ஒன்று. கேட்டும் தகாதவிதமாய்க் கேட்கிறீர்கள் என்பது மற்றொன்று. பெற்றுக்கொள்வதை உங்கள் இச்சைகளுக்குச் செலவழிக்கக் கேட்கிறீர்கள் என்கிறார். நம் வெற்றிக்காக நாம் செய்யும் ஜெபம் இந்த இரண்டாம் வகையில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அதே தேர்தலுக்கு இரண்டு அணியும் உபவாசம் இருக்கின்றன. இரண்டு பக்கமும் அதே வாக்குத்தத்த வசனங்களைப் பிடித்துக்கொள்கின்றன. முடிவு அறிவிக்கப்பட்டதும் ஒரு பக்கம் சாட்சி சொல்கிறது, மறுபக்கம் சாத்தானின் கிரியை என்கிறது. தேவனை இப்படி ஓட்டுப்பெட்டிக்குப் பக்கத்தில் ஏஜெண்டாக உட்கார வைப்பதற்குப் பெயர் ஜெபம் அன்று.

பழைய சபையின் பெரியவர்கள் இந்த ஆபத்தை அறிந்திருந்தார்கள். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்கில், காலை ஆராதனையிலும் மாலை ஆராதனையிலும் கர்த்தருடைய ஜெபத்தைத் தலைவர் எல்லாரும் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும் என்று விதித்தார். அதற்கு அவர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது: சேர்ந்து வாழ்கிறவர்களுக்குள் மனஸ்தாபத்தின் முட்கள் முளைத்துக்கொண்டே இருக்கும், 'எங்களுக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்று தாங்களே வாய்விட்டுச் சொன்ன வாக்கு அவர்களைக் கட்டிப்போட்டு, அந்த முட்களைக் களையும். துறவிகளுக்கே நாளைக்கு இரண்டு முறை அது தேவைப்பட்டிருக்கிறது. யாக்கோபைப் பற்றியும் ஒரு பழைய செய்தி உண்டு. ஜனங்களுடைய பாவமன்னிப்புக்காக ஆலயத்தில் முழங்காலிலேயே இருந்ததால் அவருடைய முழங்கால்கள் ஒட்டகத்தின் முழங்கால்களைப் போலக் காய்த்துப்போயிருந்தன என்று இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஹெகேசிப்பு சொன்னதை யூசேபியு தம் சபைச் சரித்திரத்தில் எடுத்து எழுதியிருக்கிறார். தமக்கு ஒரு பதவி வேண்டிக் காய்த்த முழங்கால்கள் அல்ல அவை. கி.பி. 62இல் பிரதான ஆசாரியன் அனனுவின் நாளில் அவர் கல்லெறியுண்டு மரித்தார் என்று யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸும் பதிவு செய்திருக்கிறார்.

கெத்செமனேயில் நம் ஆண்டவருடைய ஜெபத்திலும் விருப்பம் இருந்தது. இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று அவர் ஒளிக்காமல் கேட்டார். கேட்டுவிட்டு, என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகட்டும் என்று அதைப் பிதாவின் கையில் விட்டார். நான் ஜெயிக்க வேண்டும் என்று நீங்கள் ஜெபிப்பதையே தடுக்க நான் யார்? அதோடு, 'நான் தோற்பது இந்தச் சபைக்கு நல்லது என்றால் என்னைத் தோற்கடியும்' என்ற வாக்கியத்தையும் உங்கள் அணிக் கூட்டத்தில், உங்கள் ஆட்கள் கேட்கும்படி, சத்தமாகச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். வாய் வரவில்லை என்றால் அன்றைக்கு அங்கே ஜெபமே செய்ய வேண்டாம். நேராக ஓட்டுக் கணக்குக்குப் போய்விடலாம்.

வழக்குகளைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. தென்னிந்தியத் திருச்சபையின் தலைமை மன்றமாகிய சினாட்டின் நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகளை 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்தது. நம்மை நாமே நடத்திக்கொள்ள முடியாமல் போனதை நாட்டின் நீதிமன்றமே எழுத்தில் பதிந்த நிலை அது. கொரிந்து சபையாருக்குப் பவுல் எழுதியது இன்றைக்கும் நமக்கு வந்த கடிதமாகவே இருக்கிறது: 'நீங்கள் ஒருவரோடொருவர் வழக்காடுகிறது எவ்விதத்திலும் குற்றமாயிருக்கிறது. அப்படிச் செய்கிறதைவிட நீங்கள் ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை, ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?' சபைச் சொத்தை ஒருவர் விற்றுத் தின்கிறபோது நீதிமன்றம் போவதை இந்த வசனத்தைக் காட்டித் தடுக்கக் கூடாது என்பது என் கருத்து. அங்கே நஷ்டம் உங்களுடையது அன்று, அடுத்த தலைமுறையினுடையது. ஆனால் செயலாளர் பதவிக்காகப் போட்ட ரிட் மனுவை அதே கூட்டில் சேர்க்க வேண்டாம்.

விட்டுக்கொடுப்பது நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. லண்டன் மிஷன் 1830இல் கோயம்புத்தூரில் ஊன்றிய சபை முறை, பேராயர் என்ற அதிகாரத்தையே ஏற்காத, சபையார் கூடி முடிவெடுக்கிற முறை. 1908இல் அந்தச் சபைகள் பிரெஸ்பிட்டேரியருடன் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபையாயின. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு, ஆங்கிலிக்கரையும் மெத்தடிஸ்டுகளையும் சேர்த்துக்கொண்டு, 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபையாக முடிய 28 ஆண்டுகள் ஆயின. அதில் பேராயர்களை ஏற்காதவர்கள் பேராயர்களை ஏற்றார்கள். தங்கள் முறையில் அபிஷேகம் பெறாதவர்களின் ஊழியத்தை ஏற்க மறுத்துவந்தவர்கள் அதை ஏற்றார்கள். கொள்கைக்காக நூற்றாண்டுகள் பிடிவாதம் பிடித்த மூன்று நான்கு மரபுகள் அவ்வளவு விட்டுக்கொடுத்துக் கட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நாம் பொருளாளர் பதவி ஒன்றை விட்டுக்கொடுக்க முடியாது என்கிறோம்.

ஆபிரகாமின் மேய்ப்பருக்கும் லோத்தின் மேய்ப்பருக்கும் வாக்குவாதம் வந்தபோது, வயதிலும் உறவிலும் மூத்தவரான ஆபிரகாம்தான் இளையவனை முதலில் தெரிந்துகொள்ளச் சொன்னார். நிலத்தையும் மாடுகளையும் பங்காளிச் சண்டையையும் அறிந்த கொங்கு நாட்டாருக்கு அந்த அதிகாரத்தை விளக்க வேண்டியதில்லை. மூத்தவர் இறங்கிவந்தால் சண்டை பாதி தீர்ந்துவிடும் என்பது நம் பண்ணையங்களிலும் வழக்கம். ஆகவே, பின்னால் இருந்து அணி கட்டும் பெரியவர்களே, முதல் வேண்டுகோளை உங்களிடமே வைக்கிறேன். பெயரை வாபஸ் வாங்கும் கடைசி நாளுக்கு முன்பாக ஒரு மாலை நேரத்தில் இரண்டு தரப்புப் பெரியவர்களும் ஆயர் வீட்டில் ஒரே பாயில் உட்காருங்கள். வேட்பாளர்கள் வேண்டாம், செல்போன்கள் வேண்டாம். யாக்கோபின் நான்காம் அதிகாரத்தின் முதல் பன்னிரண்டு வசனங்களை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். அதன் பிறகு உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதை ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: பள்ளி வேலையா, கடையா, நாற்காலியா. சொல்ல வெட்கமாயிருப்பதை விட்டுவிடுங்கள். சொல்லக் கூடியதைப் பங்கிட்டுக்கொள்ளவோ முறை வைத்துக்கொள்ளவோ வழி இருக்கும். தாளாளர் பதவியும் பொருளாளர் பதவியும் ஒரே வீட்டில் இரண்டாம் முறை தொடரக் கூடாது என்று நீங்கள் ஒத்துக்கொண்டாலே பாதிப் போட்டி கரைந்துவிடும் என்பது என் கணிப்பு.

வேட்பாளர்களிடம் கேட்பது குறைவு. பிறர் சந்தாவைக் கட்டாதீர்கள். கட்டியிருந்தால், தேர்தல் முடிந்த மறுநாள் அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குப் போய் அவர்கள் ஏன் ஆலயத்துக்கு வருவதில்லை என்று கேளுங்கள். சாதியைச் சொல்லி ஓட்டுக் கேட்கும் உங்கள் ஆதரவாளரை உங்கள் வாயாலேயே கண்டியுங்கள். அதனால் குறையும் ஓட்டுகள் குறையட்டும். திருப்பூரிலும் கோவையிலும் தொழில் நடத்துகிறவர்கள் உங்களில் பலர். இன்ன பட்டணத்துக்குப் போய் ஒரு வருஷமிருந்து சம்பாதிப்போம் என்று திட்டமிடும் வியாபாரிகளிடம், 'ஆண்டவருக்குச் சித்தமானால்' என்று சேர்த்துச் சொல்லும்படி யாக்கோபு கேட்பது உங்களுக்குத் தெரியும். கம்பெனியில் ஆர்டர் தவறினால் பொறுத்துக்கொள்கிற அந்த மனத்தைத் தேர்தல் முடிவு வரும் நாளுக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

ஜெயிக்கிறவர்களுக்கு ஒன்று. முதல் கூட்டத்திலேயே கடந்த ஆண்டின் வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். தோற்ற அணியிலிருந்து கணக்குத் தெரிந்த ஒருவரை அதைச் சரிபார்க்க அழையுங்கள். அவர் எந்த வவுச்சரைக் கேட்டாலும், அது உங்கள் சொந்தக்காரர் கையெழுத்திட்டதாக இருந்தாலும், அன்றைக்கே எடுத்துக் கொடுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
ஈரோடு மாவட்டத்துச் சபையார் ஒருவர்